சாமி பாத்துக்கும்... சரி, பயத்தை யார் பாத்துக்கறது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய ஒருவருக்கு பைபாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். சுற்றி நிற்கிற சொந்தம் அத்தனைக்கும் ஒரே பல்லவி: "ஒண்ணும் ஆகாதுங்க மாமா, சிவன்மலை முருகன் பாத்துக்குவான்." அவர் "பயமா இருக்குது" என்று வாயைத் திறந்தால் போதும், "அபசகுனமா பேசாதீங்க" என்று அடைத்துவிடுவார்கள். நெற்றியில் கொஞ்சம் திருநீறு. ஆறுதல் முடிந்தது!

இதற்குப் பெயர் ஆறுதலா? சொல்கிறவர் தன் பயத்தை மறைக்கக் கண்டுபிடித்த வழி இது.

உடனே பகுத்தறிவுப் பிரசங்கம் என்று சண்டைக்கு வராதீர்கள். பக்தி உதவும். 1995ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 55 வயது தாண்டிய 232 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். மதத்திலிருந்து தெம்பு கிடைக்கவில்லை என்றவர்களிடமும், எந்தச் சங்கத்திலும் குழுவிலும் சேராதவர்களிடமும் இறப்பு அதிகம். கவனியுங்கள்... அது நோயாளி தானாகத் தேடிக்கொண்ட தெம்பு.

அடுத்தவர் கொண்டுவந்து திணிக்கிற பிரார்த்தனை என்ன செய்யும்? அதையும் 2006ல் பார்த்துவிட்டார்கள். பைபாஸ் நோயாளிகள் 1802 பேர். 'உங்களுக்காகப் பிரார்த்தனை நிச்சயம் நடக்கும்' என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். 'நடக்கலாம், நடக்காமலும் போகலாம்' என்று சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை நடந்த குழுவில் 52, நடக்காத குழுவில் 51. அந்த 59 தற்செயலாக இருக்கலாம். 'சாமியைக் கூப்பிடற அளவுக்கு மோசமாயிட்டோமா' என்ற பதற்றமாகவும் இருக்கலாம்.

சரி, நம்ம ஊர் ஆளின் பயம் சாவைப் பற்றி மட்டும்தானா? நெஞ்செலும்பு கூடவே ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை பண்டல் தூக்க முடியாது. ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. கூலிக்கு? இஎஸ்ஐ இருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். பதிவேட்டிலேயே பெயர் இல்லாத பீஸ் ரேட் தொழிலாளிக்கு? தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து லைன் வீட்டில் தனியாகக் கிடப்பவருக்கு, பொய் ஆறுதல் சொல்லக்கூட ஆளில்லை.

வாசலில் பிள்ளையார் வைக்காத ஆஸ்பத்திரி அபூர்வம். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்க ஆள் வைத்த ஆஸ்பத்திரி எத்தனை?

"தையல் பிரிச்சப்புறம் கம்பெனில சேத்துக்குவாங்களா?" அவர் கேட்க நினைத்தது இவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டிய மச்சான் அர்ச்சனைக்குத் தேங்காய் வாங்கப் போயிருக்கிறார்.