வக்காவின் உறவினர்

மாலை மங்கியதும் வேடந்தாங்கல் ஏரி மரங்களிலிருந்து கரகரத்த குரலெழுப்பி இரைதேடப் புறப்படும் பறவையைத் தமிழர் வக்கா என்பர். இராக்கொக்கு என்பதும் அதன் பெயரே. கரிய உச்சியும் சிவந்த கண்ணும் பிடரியில் தொங்கும் வெண்ணிற இறகுகளும் முதிர்ந்த பறவையின் அடையாளங்கள். இளம்பறவையோ பழுப்புநிறத்தில் வெளிர்புள்ளிகளுடன் வேறோர் இனம்போலத் தோன்றும்.

1758இல் லின்னேயஸ் இதனை ஆர்டியா என்னும் கொக்குப் பேரினத்தில் சேர்த்து, நிக்டிகோராக்ஸ் என்னும் சிற்றினப் பெயரை வழங்கினார். 1817இல் தாமஸ் ஃபார்ஸ்டர் அப்பெயரையே தனிப் பேரினத்தின் பெயராக்கினார். கிரேக்க மொழியில் அதற்கு ‘இரவுக் காகம்’ என்பது பொருள். காகத்தோடு இதற்கு நெருங்கிய உறவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரவில் இரைதேடும் கொக்குகளெல்லாம் ஒரே குலத்தவை என எண்ணத் தோன்றும். ஆயின் பழக்கம் வேறு, மரபுவழி வேறு. இருளில் இரைதேடும் பறவைக்குப் பெரிய கண் பயன்படும். அத்தகைய கண் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றவும் கூடும். ஆப்பிரிக்காவின் வெண்முதுகு இராக்கொக்கு முன்னர் நிக்டிகோராக்ஸிலும் பின்னர்க் கோர்சாக்கியஸிலும் வைக்கப்பட்டது; இன்று கால்ஹெரோடியஸ் என்னும் தனிப் பேரினத்தில் உள்ளது.

பெயர்களை மாற்றிக்கொண்டிருப்பதே வகைப்பாட்டியலாரின் தொழில் என நகைப்போர் உளர். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கு அந்நகைப்பு நியாயமாகவும் படலாம். எனினும் அது பொருந்தாது. தென்சீனாவிலும் வடக்கு வியட்நாமிலும் வாழும் வெண்செவி இராக்கொக்கு இதற்குச் சான்று. நெடுங்காலம் அது கோர்சாக்கியஸ் பேரினத்தின் நான்கு சிற்றினங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. அந்நால்வரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர் அல்லர் என 2023இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வெண்செவி இராக்கொக்கு இப்போது ஓரோஅனாசா என்னும் பேரினத்தில் தனித்து நிற்கிறது.

மாறியது பெயர்ச்சீட்டு மட்டுமன்று; இழப்பை அளக்கும் அளவுகோலும் மாறிவிட்டது. மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் ஆகிய தீவுகளில் வாழ்ந்த மூன்று இராக்கொக்குகள் மனிதர் குடியேறியபின் அற்றுப்போயின. அவை நிக்டிகோராக்ஸைச் சேர்ந்தவை. பேரிழப்பே எனினும், வக்காவும் ஆஸ்திரேலியப் பகுதியின் செம்பழுப்பு இராக்கொக்கும் அப்பேரினத்தை இன்றும் வாழவைக்கின்றன. அழியும் தறுவாயிலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ள வெண்செவி இராக்கொக்குக்கு அத்தகைய உடன்பிறப்பு ஒன்றுகூட இல்லை.