இல்லறத்துக்கு ஓர் அறை

தமிழர் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் வகுத்த பெருமையை நம் மேடைகள் ஓயாது முழங்குகின்றன. பாடசாலைகளில் அகத்திணை கற்பிக்கிறோம். தலைவனும் தலைவியும் கூடும் குறிஞ்சி நிலத்தின் குளிரையும் சுனையையும் மாணவருக்கு வருணிக்கிறோம். ஆனால் நமது நாட்டின் குறிஞ்சி நிலமாகிய மலையகத்திலே, நாளெல்லாம் உழைத்து அலுத்த கணவனும் மனைவியும் இரவில் எங்கே படுக்கிறார்கள், எதை விரித்துப் படுக்கிறார்கள், கூடியபின் எந்த நீரில் சுத்தம் செய்துகொள்கிறார்கள் என்று எவரேனும் கேட்டால் முகஞ் சுளிக்கிறோம். "இதெல்லாம் எழுதத்தக்க விஷயமா?" என்கின்றனர் பண்பாட்டுக் காவலர். எழுதத்தக்க விஷயமே! அகம் என்ற சொல்லுக்கு வீடு என்றும் பொருள் உண்டு என்பதை அவர்கள் மறந்துவிட்டனர்.

தோட்டத்து லயம் இல்லறத்துக்காகக் கட்டப்பட்டதன்று. கோப்பிக் காலத்தில், பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் தொழிலாளரை அடைத்துவைக்க எழுந்த கொட்டில் அது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கை கேட்கும் பயிர். ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. ஆனால் 10 அடிக்கு 12 அடி என்ற காம்பராவின் கணக்கு மாறவில்லை. 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர். புதிய வீடுகள் சில எழுந்தன என்பது உண்மை. எனினும் எத்தனையோ குடும்பங்களின் இரவு இன்றும் அந்தக் காம்பராவிலேயே கழிகிறது.

அங்கே முதிய பெற்றோர் ஒரு பக்கம், வளர்ந்த பிள்ளைகள் மறுபக்கம். மகனுக்கு மணம் முடிந்தால் குறுக்கே ஒரு பழஞ்சேலை கட்டப்படும், அதுவே மணவறை. இருமினாலும் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். இந்நிலையில் தாம்பத்தியம் இருளிலும் அவசரத்திலும் மூச்சை அடக்கியும் நடைபெறுகிறது. அந்த அவசரத்திலே மனைவியின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. "இன்று வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லவும் அவளால் இயலாது, சொன்னால் மாமியார் விழிப்பாள். பேச இடமில்லாத இருவருக்கிடையே சம்மதம் எவ்வாறு பிறக்கும்?

சுகாதாரத்தைப் பாருங்கள். மழை ஓயாத மாதங்களில் பாயும் கம்பளியும் காய்வதில்லை. ஒருவருக்குச் சொறி கண்டால், ஒரே விரிப்பில் நெருங்கிப் படுக்கும் அனைவருக்கும் அது தொற்றும். வீட்டார் எல்லோரும் ஒருசேர மருந்து பூசி, விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்தாலன்றி அது நீங்காது. மாற்று விரிப்பில்லாத வீட்டில் எதைத் துவைப்பது, எதன்மேல் படுப்பது? பெண்ணின் சிறுநீர்ப் பாதை குறுகியது. உடலுறவின்போது கிருமிகள் எளிதில் உட்புகும். ஆகவே உறவுக்குப்பின் தாமதியாது சிறுநீர் கழிக்கும்படியும், புறவுறுப்புகளை வெறுந் தண்ணீரால் கழுவும்படியும், நிறைய நீர் அருந்தும்படியும் வைத்தியர் கூறுகின்றனர். கணவனும் கழுவிக்கொள்ளவேண்டும், தூய்மை பெண்ணுக்கு மட்டும் விதித்த கடமையன்று. நல்ல ஆலோசனைதான்! மலசலகூடம் லயத்துக்கு வெளியே எட்டி நிற்க, தண்ணீர்ப் பீலி அதற்கும் அப்பால் இருக்க, சிறுத்தை நடமாடும் மலையில் நள்ளிரவில் அவள் எவ்வாறு போவாள்? அடக்கிக்கொண்டு படுக்கிறாள். விடிந்ததும் மலைக்குப் போய், மலசலகூடமில்லாத கொழுந்து நிரையில் மறுபடியும் அடக்குகிறாள். பின்னர் எரிச்சலும் காய்ச்சலும் வந்தால், "சுத்தமில்லாத சனங்கள்" என்ற பட்டத்தையும் அவளே சுமக்கிறாள்.

"அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கத்தானே செய்கின்றன?" என்று சிரிப்போர் உண்டு. மந்தை பெருகுவதை எண்ணும் பண்ணைக்காரனின் வாதம் அது. இனம் பெருகுவது வேறு, இருவர் அன்புடன் கூடி வாழ்வது வேறு.

நம் அணியிலுள்ள தோழர் சிலரும், "முதலில் சம்பளப் போராட்டம், படுக்கை விஷயம் பிறகு" என்கின்றனர். அவர்கள் ஏங்கெல்சை மறந்தனர். 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை எழுதியபோது, ஒரே அறையில் நெருங்கிக் கிடந்த குடும்பங்களையும் அவர்களின் படுக்கைகளையும் அவர் விவரிக்கத் தவறவில்லை. உழைப்பாளி மறுநாள் உழைப்பதற்கு வேண்டிய உறக்கமும் அன்பும் ஆரோக்கியமும் கூலியின் பகுதியே. அவற்றை மறுப்பவன் சம்பளத்தில் திருடுகிறான்.

எனவே கோரிக்கையைத் தெளிவாக எழுப்புவோம். வீட்டுத் திட்டம் எதுவாயினும் தம்பதிக்கு உள்ளே தாழிடக்கூடிய தனியறை வேண்டும். வீட்டோடு சேர்ந்த மலசலகூடமும் குழாய்த் தண்ணீரும் வேண்டும். விரிப்பு காய்வதற்குக் கூரையும் காற்றும் வேண்டும். நிலமும் வீடும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படவேண்டும். ஆசிரியர்களே! உடலைப் பற்றிய அறிவை வெட்கத்தின் பின்னே ஒளிக்காது, வளர்ந்த மாணவ மாணவியருக்கு நேர்மையாகக் கற்பியுங்கள். தொழிற்சங்கத் தோழர்களே! பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்தோடு இந்த அறையையும் வையுங்கள். அதுவரை அகத்திணையின் பெருமையை மேடையில் பேச நமக்கு உரிமையில்லை.