வெள்ளைத்தாளும் ஒரு நிறம்தான்!

தாளின் நான்கு ஓரங்களிலும் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வண்ணத் தீற்றல்கள். ஆங்காங்கே தெறித்த சில சொட்டுகள். நடுவில்? ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. பார்க்கிற யாருக்கும், 'பாதியிலேயே விட்டுட்டாரோ?' என்றுதான் தோன்றும்.

இல்லை, முடித்துவிட்டார். வரைந்தவர் அமெரிக்க ஓவியர் சாம் பிரான்சிஸ். உருவம் எதுவும் இல்லாமல், கை வீசிய வேகத்தையே படமாக்கும் அரூப ஓவியங்களில் பெரிய பெயர்.

1923-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது தாவரவியல், மருத்துவம், உளவியல். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் சேர்ந்தார். பயிற்சிக் காலத்திலேயே முதுகெலும்பில் காசநோய் தாக்க, வருடக்கணக்கில் மருத்துவமனைக் கட்டில்தான் கதி. இருபதுகளின் தொடக்கத்தில், எழுந்து நடமாட முடியாத நிலை. படுத்தபடியே கூரையில் அசையும் வெளிச்சத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார். அப்போதுதான் வாட்டர்கலரைக் கையில் எடுத்தார்.

வாட்டர்கலரில் ஒரு விசேஷம் உண்டு. அதில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாள்தான். நீர்த்த வண்ணத்தின் வழியே வெளிச்சம் உள்ளே போய், தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் நிறம் பளிச்சென்று மின்னுகிறது. தாளை ஒருமுறை மூடிவிட்டால், அந்த வெண்மையை முழுசாகத் திரும்பப் பெற முடியாது. எங்கே வரைவது என்பதைவிட, எங்கே கை வைக்காமல் இருப்பது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

பின்னாளில் அக்ரிலிக்குக்கு மாறிய பிறகும் சாம் பிரான்சிஸ் வெள்ளையை விடவில்லை. 1957-ல் முதன்முறையாக ஜப்பான் போனார். பிறகு பலமுறை அங்கே தங்கி வரைந்தார். ஜப்பானியரிடம் 'மா' என்று ஒரு சொல் உண்டு. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடம், இரண்டு ஓசைகளுக்கு நடுவே உள்ள மௌனம், இரண்டையும் அந்த ஒரே சொல் குறிக்கும். அவர்கள் கணக்கில் வெற்றிடம் என்பது மிச்சம் அல்ல. 1960-களின் பிற்பகுதியில் சாம் பிரான்சிஸ் வண்ணங்களை ஓரத்துக்கே தள்ளிவிட்டார். நடுவில் வெள்ளை மட்டும் ஆட்சி செய்தது.

சந்தேகமா? அவர் ஓவியம் ஒன்றை போனில் திறந்து, வெள்ளைப் பகுதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். துள்ளிக்கொண்டிருந்த நீலம் சட்டென்று சாதாரணக் கறையாகிவிடும். விரலை எடுங்கள், மறுபடி உயிர் வந்துவிடும்.

1994-ல், கடைசி மாதங்களில், புற்றுநோய் ஒரு பக்கம்; கீழே விழுந்ததில் வலது கையும் போயிற்று. இடது கையால் சுமார் 150 சிறு ஓவியங்களை வரைந்துவிட்டே நவம்பரில் கண்ணை மூடினார்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தை தாளில் பாதியை விட்டுவிட்டு, "முடிச்சுட்டேன்" என்று காட்டினால், "மிச்சத்தையும் கலர் அடி" என்று சொல்லிவிடாதீர்கள். நிஜமாகவே முடித்திருக்கலாம்!