துணிவும் துடுக்கும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியாக வடக்கே செல்வோர், உப்புவெளியைக் கடந்ததும் சாம்பல்தீவை அடைவர். ஒருபுறம் அமைதியான களப்பு. மறுபுறம் எல்லை காணாத வங்கக் கடல். மே முதல் செப்டெம்பர் வரை இக்கடல் தொட்டிலில் உறங்கும் குழந்தையைப் போன்றது. வாடைக் காற்று வீசத் தொடங்கிவிட்டாலோ அதே கடல் முகம் மாறி நிற்கும். இந்த மாற்றத்தை நன்கறிந்தவர்கள் இக்கரையின் கடற்றொழிலாளர். வானத்தின் நிறத்தையும் நீரின் ஓட்டத்தையும் பார்த்து, மனத்துள் ஒரு செபத்தையும் சொல்லிய பின்னரே அவர்கள் வள்ளத்தைத் தள்ளுகின்றனர். ஆபத்து அவர்களுக்கு விளையாட்டு அன்று. பிள்ளைகளின் அன்றாட உணவுக்காக அவர்கள் செலுத்தும் விலை.

அதே கரையில் விடுமுறை நாட்களில் வேறொரு காட்சியையும் காண்கிறோம். இளைஞர் சிலர் கைத்தொலைபேசியை நண்பனின் கையில் கொடுத்துவிட்டு, பெரியோர் வேண்டாம் என்று தடுத்த இடத்திலேயே அலைக்குள் பாய்கின்றனர். வேறு சிலர் செங்குத்தான பாறையின் விளிம்பில் நின்று படம் எடுக்கின்றனர். இன்னும் சிலர் நீண்ட நேர் வீதியைக் கண்டதும் மோட்டார் சைக்கிளின் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றுகின்றனர். உணவுக்காகவும் அன்று, பிறர் உயிரைக் காப்பதற்காகவும் அன்று. பின் எதற்காக மனிதன் தன் உயிரைத் தானே விளிம்பில் நிறுத்திப் பார்க்கிறான்?

இக்கேள்வி நமது மண்ணில் தனி வலியோடு எழுகிறது. இங்குள்ள மூத்த தலைமுறையினர் ஆபத்தைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். ஆபத்தே அவர்களைத் தேடி வந்தது. 2009 வரை நீடித்த போர் வந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று காலையில், ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் அதிகமானோர் அதில் மாண்டனர். அத்தகையதொரு நாளில் பிள்ளையின் கையை நழுவவிட்ட தாய்க்கு, கடலோடு விளையாடும் மகனின் சிரிப்பு புரியாது. ஆனால் அந்தப் பேரலையின் பின்னர் பிறந்த மகனுக்கு அது கேட்ட கதை மட்டுமே. தாய் அடைக்கலம் தேடுகிறாள். மகன் அலையைத் தேடுகிறான். இருவருக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை வெறும் கண்டிப்பினால் மூடிவிட முடியாது. முதலில் அதனைப் புரிந்துகொள்ள வேண்டும்.

உளவியலாளர் இதனை நீண்ட காலமாக ஆராய்ந்துள்ளனர். மார்வின் சக்கர்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர், கிளர்ச்சியை நாடும் இயல்பை அளப்பதற்கான அளவுகோல் ஒன்றை 1964இல் உருவாக்கினார். புதிய அனுபவங்களுக்கான ஆவலும், சலிப்பைத் தாங்க இயலாமையும் சிலரிடம் இயல்பாகவே மிகுந்திருக்கும் என்பது அவரது ஆய்வின் சாரம். ஆபத்தின் கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, புலன்கள் கூர்மையடைகின்றன. ஆபத்து நீங்கியதும் பெரும் களிப்பு உண்டாகிறது. அந்தக் கணத்தில் நேற்றைய தோல்வியும் இல்லை, நாளைய கவலையும் இல்லை. ‘நான் உயிரோடிருக்கிறேன்’ என்ற ஒரே உணர்வு மட்டும் எஞ்சுகிறது. வேலையின்றியும் நோக்கமின்றியும் நாட்களைக் கழிக்கும் இளைஞனுக்கு அந்த உணர்வு எத்துணை இனிமையானது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொரு காரணம், பார்க்கும் கண்கள். லோரன்ஸ் ஸ்டைன்பேர்க் என்பவரும் அவரது சக ஆய்வாளரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதின்ம வயதினர் தனித்திருக்கும்போதைவிட மிகுதியாக ஆபத்தைத் துணிந்து ஏற்கின்றனர் என்று காட்டியது. இன்று அந்த நண்பர் கூட்டம் கைத்தொலைபேசிக்குள் ஊர் கடந்து உலகளவுக்கு விரிந்துள்ளது. புதுடில்லியைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சிலர் 2018இல் வெளியிட்ட கட்டுரை, 2011 முதல் 2017 வரை ‘செல்பி’ எடுக்க முயன்று இறந்தோர் எனச் செய்திகளில் பதிவான 259 பேரைக் கணக்கிட்டது. அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 23. முதன்மையான காரணம் நீரில் மூழ்குதல். கரையோர மக்களாகிய நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

அப்படியாயின் துணிச்சல் முழுவதும் பாவமா? இல்லை. ஆபிரகாம் தமக்கு அறிமுகமற்ற நாட்டை நோக்கிப் புறப்பட்டார். பேதுரு படகை விட்டிறங்கி நீரில் கால் வைத்தார். எல்லையைத் தாண்டிப் பார்க்கும் ஏக்கத்தை மனித உள்ளத்தில் விதைத்தவர் இறைவனே. தமிழரும் அந்த ஏக்கத்தை நன்கறிவர். நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்குமாக 51 மணி நேரத்தில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதனைத் துடுக்கு என்று எவரும் சொல்லார். நெடுநாள் பயிற்சியும், தன் உடலின் எல்லையைப் பற்றிய அறிவும், தோழரின் துணையும் அதன் பின்னால் இருந்தன. ஆயினும் 1984 ஓகஸ்ட் 6 அன்று, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில், தமது 41ஆவது வயதில் அவர் உயிர் நீத்தார். பயிற்சியும் துணையும் ஆபத்தைக் குறைக்குமேயன்றி அழிக்கமாட்டா. அத்தகைய வீரருக்கே கடல் வழிவிட மறுத்ததென்றால், பயிற்சியும் துணையும் இன்றி ஒரு நிமிடப் படத்துக்காகப் பாய்பவன் எதனை நம்பிப் பாய்கிறான்?

இங்கே நற்செய்தி நமக்கு விளக்கேற்றுகிறது. பாலைநிலத்தில் அலகை ஆண்டவர் இயேசுவை எருசலேம் கோவிலின் உயர்ந்த முனையில் நிறுத்தி, கீழே குதிக்கும்படி தூண்டியது (மத்தேயு 4:5-7). தூதர் தாங்கிக்கொள்வர் என்று மறைநூலையும் துணைக்கு அழைத்தது. கீழே எவரும் உயிருக்குப் போராடவில்லை. அந்தக் குதிப்பினால் எவருக்கும் பயனில்லை. தாம் யாரென்று காட்டுவதே அதன் ஒரே நோக்கம். ஆண்டவர் மறுத்தார், கடவுளைச் சோதிக்கலாகாது என்றார். ஆண்டுகள் கடந்தன. கல்வாரியில் அதே சவால் மீண்டும் எழுந்தது. இறைமகன் என்றால் சிலுவையிலிருந்து இறங்கி வா என்று வழிப்போக்கர் ஏளனம் செய்தனர் (மத்தேயு 27:40). அதனையும் ஆண்டவர் ஏற்கவில்லை. கோவில் முனையிலிருந்து குதிக்க மறுத்தவர் கோழை அல்லர் என்பதற்குச் சிலுவையிலிருந்து இறங்க மறுத்ததே சான்று. தம்மை நிரூபிப்பதற்காக உயிரைப் பணயம் வைக்க அவர் மறுத்தார். நம்மை மீட்பதற்காக அதனை முழுவதும் கையளித்தார். துணிவுக்கும் துடுக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

பேதுருவின் நடையையும் இந்த ஒளியில் பார்ப்போம். அவர் தாமாகக் குதிக்கவில்லை. கட்டளையிடுமாறு ஆண்டவரைக் கேட்டார். அழைப்புக் கிடைத்த பின்னரே இறங்கினார் (மத்தேயு 14:28-29). இளைஞனே, அலைக்குள் இறங்குமுன் உன்னை அழைப்பது யாருடைய குரல் என்று கேட்டுப்பார். நண்பரின் ஆரவாரமா? திரையில் விழப்போகும் விருப்பக் குறிகளா? அல்லது உண்மையிலேயே உன் உதவி தேவைப்படும் ஒருவரின் கூக்குரலா?

தாவீது அரசரின் வாழ்விலும் ஆழ்ந்த பாடம் ஒன்றுண்டு (2 சாமுவேல் 23:15-17). பெத்லகேம் பெலிஸ்தியர் வசம் இருந்த வேளையில், அவ்வூர்க் கிணற்று நீரைப் பருக ஏங்கினார் அவர். அவரது வீரர் மூவர் பகைவரின் அணியை ஊடறுத்துச் சென்று அந்த நீரைக் கொண்டுவந்தனர். தாவீதோ அதனைப் பருகாது ஆண்டவருக்கென ஊற்றிவிட்டார். அது வெறும் நீர் அன்று, உயிரைப் பணயம் வைத்தவர்களின் குருதி என்பதை அவர் உணர்ந்தார். நம் பிள்ளைகளின் துணிச்சலைக் கண்டு கைதட்டுவோரும், அவர்களின் படங்களுக்கு விருப்பம் தெரிவிப்போரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அந்தப் பாராட்டு இலவசமானது அன்று. அதற்கான விலையைச் செலுத்துபவர், கரையில் நின்று கதறும் ஒரு தாயாக இருக்கக்கூடும். காப்பாற்றப் பாய்ந்து தாமும் மூழ்கும் ஒரு தந்தையாகவும் இருக்கக்கூடும்.

திருச்சபை வீரத்துக்குப் பகையன்று. பின்னாளில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஆன அக்கிலே ராத்தி, குருவாக இருந்தபோது 1889இல் அல்ப்ஸ் மலைத்தொடரின் மொந்தே ரோசா சிகரத்தில் ஏறியவர். உண்மையான மலையேற்றம் கண்மூடிப் பாய்வதன்று, விவேகத்தைச் சார்ந்தது என்பது அவரது கருத்து. 1923இல் மெந்தோன் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. அதே வேளை, வாழ்வும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. குடிபோதையினாலோ வேக மோகத்தினாலோ வீதியிலும் கடலிலும் வானிலும் தமக்கும் பிறருக்கும் ஆபத்து விளைவிப்போர் பெருங்குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்றும் அது எச்சரிக்கிறது (எண்கள் 2288, 2290). உயிர் நம் உடைமை அன்று. நாம் அதன் காப்பாளர் மட்டுமே.

2025 செப்டெம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய பியர் ஜோர்ஜியோ ஃபிரசாத்தியை நம் இளைஞருக்கு அறிமுகம் செய்வோம். இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த இவர் மலையேறுவதில் பேரார்வம் கொண்டவர். தோழரோடு சேர்ந்து சிரிப்பும் செபமுமாகச் சிகரங்களை நாடியவர். ஆனால் அவரது உயிரைப் பறித்தது மலை அன்று. புனித வின்சென்ட் தே பவுல் சபையில் இணைந்து வறியோரின் இல்லங்களுக்குச் சென்றுவந்த அவர், இளம்பிள்ளைவாத நோயினால் 1925 ஜூலை 4 அன்று 24 வயதில் காலமானார். நோயாளரைச் சந்தித்த வேளையிலேயே அந்நோய் தொற்றியது எனக் கருதப்படுகிறது. மலையில் பழகிய துணிவை அவர் ஏழையின் படுக்கையருகே செலவிட்டார். செல்வந்தரான அவரது குடும்பத்தினர் அறிந்திராத ஏழைகள் பெருந்திரளாக அவரது இறுதி ஊர்வலத்தில் நின்றனர். எந்தப் படமும் பெற்றுத்தராத பெருமை அது.

பெற்றோரே, பங்குச் சமூகத்தாரே, ‘போகாதே’ என்ற ஒரு சொல் மட்டும் போதாது. பிள்ளையின் உள்ளத்திலுள்ள தாகத்துக்கு நல்ல நீர் கொடுக்க வேண்டும். கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு முறையாக நீச்சல் கற்பிப்போம். மூத்த கடற்றொழிலாளரை இளைஞர் கூட்டங்களுக்கு அழைத்து, காற்றையும் அலையையும் பற்றிப் பேசச் செய்வோம். கரையிலிருந்து ஆழத்தை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் அதனை எதிர்த்து நேரே கரைக்கு நீந்தக் கூடாது; மூச்சு முட்டிச் சோர்ந்துபோவர். பதறாது மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும். தத்தளிப்பவரைக் கண்டால், பயிற்சி இல்லாதோர் பாயாமல் கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறிந்து உதவியை அழைக்க வேண்டும். மடுமாதா திருத்தலத்துக்கான நடைப்பயணம், வெள்ள காலத்தில் அயலவருக்கு உதவுதல், இரத்த தானம் என உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே சோதிக்கும் பணிகள் ஏராளம். அவற்றுக்கு இளைஞரை அழைப்போம்; அழைத்தவர்கள் முன்னே நடப்போம்.

இளையோரே, உங்கள் துணிவை நாங்கள் அஞ்சவில்லை. அதனை இந்த மண் மிகவும் வேண்டி நிற்கிறது. அது ஒரு பாறையின் விளிம்பிலோ ஒரு வளைவின் வேகத்திலோ வீணாகிவிடக் கூடாது என்பதே எங்கள் ஏக்கம். இன்று மாலை சாம்பல்தீவுக் கரையில் நிற்க நேர்ந்தால் சற்று அமைதியாகக் கடலைப் பாருங்கள். இருள் சூழும் நேரத்தில் வள்ளத்தில் புறப்படும் தந்தையையும், அது கண்ணுக்கு மறையும்வரை கரையில் காத்து நிற்கும் தாயையும் பாருங்கள். அவர்களின் துணிவு எவருக்கும் படம் காட்டுவதற்காக அன்று. புயலை அடக்கிய ஆண்டவர், அத்தகைய துணிவையும் அதனைச் செலவிடுவதற்கான விவேகத்தையும் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக.