மணிக்குப் பிறந்த நாள்!

எங்கள் வீட்டு நாய் மணிக்கு நாளையோடு 14 வயது நிறைகிறது. பழுத்த கிழம். கண்ணில் புரை, காதும் மந்தம். ஆனாலும் நான் அடுக்களையில் நுழைந்தால் வால் ஆடும்!

"சாக்லேட் கேக் வெட்டலாம், பாட்டி" என்றாள் பேத்தி.

"ஊஹூம், கூடாதுடி கண்ணு!" என்றேன். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்; வெங்காயம், பூண்டு இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே, குழைந்த சாதத்தில் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, எலும்பு நீக்கி. அதுதான் விருந்து! மூட்டு வலிக்கு இதமாக, பழைய நூல் புடவைகளை மடித்துத் தைத்த படுக்கை பரிசு. மறுநாள் கால்நடை டாக்டரிடம் ஒரு நடை. இந்த வயதில் 6 மாதத்துக்கு ஒரு முறை காட்டுவது நல்லது.

அடுத்த பிறந்த நாளுக்கு மணி இருக்குமோ, என்னவோ! இருக்கிறவரை வலியில்லாமல் இருக்கட்டும். வாயில்லா ஜீவனுக்கு வேறென்ன வேண்டும், சகோதரிகளே?