நீந்தத் தெரியாத சாரணியம்

சாரணியம் என்றதும் நம்மவர் பேடன் பவல் பிரபுவின் பெயரை மட்டுமே உச்சரிப்பர். பெண் சாரணியத்தை முன்னின்று வளர்த்த அவருடைய தங்கை ஆக்னஸின் பெயரைப் பாசறைகளில் பயின்ற மாணவியரிடம் கேட்டுப் பாருங்கள்; எத்தனை பேர் அறிவர்?

1909ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் கிறிஸ்டல் பலஸில் நடைபெற்ற சாரணர் பேரணிக்குச் சில சிறுமியர் அழைப்பின்றியே வந்து நின்றனர். ஆண்பிள்ளைகள் கற்பதைத் தாமும் கற்கவேண்டும் என்பதே அவர்கள் வேட்கை. அடுத்த ஆண்டு உருவான பெண் சாரணியத்தின் முதல் தலைவியாக ஆக்னஸ் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 51. வீட்டுக்குள் தேனீ வளர்த்தவர், பலூனில் வானேறியவர். பெண்பிள்ளைகளை ஊர்சுற்றப் பழக்குவதா என்று அன்றைய ஆங்கிலச் சமூகமும் முகஞ்சுளித்தது என்பதை நம் பண்பாட்டுக் காவலர்கள் கவனிக்க வேண்டும்.

1912இல் வெளிவந்த அவருடைய கைநூலின் தலைப்பே பேரரசைக் கட்டியெழுப்பச் சிறுமியர் உதவுவதைப் பற்றியது. அந்த ஏகாதிபத்திய வாடை எனக்கு உவப்பானதன்று. ஆனால் காயமுற்றவரைப் பேணுவதையும், எட்டு அங்குலக் கயிற்றால் திருடனைக் கட்டிப்போடுவதையும் சிறுமியருக்குக் கற்பித்த நூலும் அதுவே. பின்னர் அண்ணனின் மனைவி ஒலேவ் முன்னிலைக்கு வந்தார். 1920இல் தலைமைப் பதவி இளவரசி மேரியிடம் சென்றது, ஆக்னஸ் உபதலைவியானார். வரலாறும் அவரை ஓரத்திலேயே இருத்திவிட்டது.

இலங்கையில் இவ்வியக்கம் 1917 மார்ச் 21இல் கண்டி பெண்கள் உயர்பாடசாலையில் ஜெனி கிறீன் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று பல பாடசாலைகளில் அது என்னவாக இருக்கிறது? பிரமுகர் வரும்போது வரிசையில் நிற்பதும் கொடி பிடிப்பதும்தானே!

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியை அடுத்துள்ள இறக்கக்கண்டியை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய கரையோரம் இது. பாதிக்கப்பட்ட நாடுகளின் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக மாண்டனர் என்று 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் எடுத்துரைத்தது. குழந்தைகளைக் காக்க நின்றமை ஒரு காரணம். இலங்கையில் நீச்சலும் மரமேறலும் பெரும்பாலும் ஆண்களுக்குரியவையாக இருந்தமை இன்னொரு காரணம். இதை விதியென்று சொல்லி நாம் கைகழுவ முடியுமா?

பெண்பிள்ளை நீந்துவது மரபுக்கு ஒவ்வாது என்பார்க்கு என் விடை இதுதான்: பெண் பயிற்றுநரை அமர்த்துங்கள், மறைவான இடத்தைத் தெரிவுசெய்யுங்கள், உடல் மறைக்கும் உடையைக் கொடுங்கள். கற்பிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கரையோரப் பாடசாலைகளின் பெண் சாரணியர் அணிகளுக்கு நீச்சலும் உயிர்காப்பும் முதற்பாடமாக வேண்டும். கல்வி அதிகாரிகளும் பெற்றோரும் இதற்கு முன்வராவிட்டால், சீருடைக்குச் செலவிடும் பணமும் வீணே.