பிரஜா உரிமை யாருக்கு?

சிங்கவரம் குன்றேறி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு இறங்குகிறவர்களைக் கேளுங்கள். தேசிங்குராஜன் கதையை மூச்சு விடாமல் சொல்வார்கள். அவன் குதிரையின் கதையும் தெரியும். ஆனால் ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சேலம், திருச்சி பக்கமிருந்தும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து, கங்காணியின் பின்னால் இலங்கைக்குப் போன ஜனங்களின் கதை? ஒருவர் வாயும் திறக்காது!

இந்த மௌனம் யாருக்குச் சௌகரியம்? செஞ்சி பஸ் நிலையத்தில் வேலைக்குக் காத்து நிற்கும் தோழர் ஒருவர் சொன்னார்: "அகதி முகாம்காரன் குறைந்த கூலிக்குப் பெயிண்ட் அடிக்க வந்துவிடுகிறான். நம்ம கூலி எப்படி ஏறும்?"

தோழரே, அவனை அந்த நிலையில் நிறுத்தியவர்கள் யார்?

காடாக இருந்த மலைகளை முதலில் காப்பித் தோட்டமாகவும் பிறகு தேயிலைத் தோட்டமாகவும் ஆக்கியவன் அவனுடைய பாட்டன். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றான். காற்றும் வராத லயத்தில் படுத்தான். வாயில்லாப் பூச்சியாக இருந்தானா? இல்லை! மாசியில் காமன் கூத்து ஆடினான். தஞ்சாவூரிலிருந்து போன கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். 1931ல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். எழுத்தறியாத ஜனங்களுக்கு அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிப் பாடினார். பத்திரிகையும் பாட்டும் சேர்ந்தால் துரைமாருக்குத் தூக்கம் வருமா?

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகள் 7 பேர் ஜெயித்தார்கள். வேறு தொகுதிகளில் அந்த ஓட்டு இடதுசாரிகளுக்கும் விழுந்தது. அடுத்த வருஷமே இலங்கை சர்க்கார் சட்டம் போட்டு 7 லட்சம் பேருக்கு மேல் பிரஜா உரிமையைப் பறித்தது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

1983 கலவரத்துக்குப் பின் ஓடி வந்து நம் முகாம்களில் அடைந்தவர்களில் இந்த மலையகத்தாரும் ஏராளம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2015 ஜனவரிக்கு முன் வந்து பதிந்தவர்களுக்குத் தண்டனை இல்லை என்று 2025ல் ஓர் உத்தரவு வந்தது. தண்டனை இல்லையாம்! உரிமை?

அமெரிக்காவைப் பாருங்கள். லாவோஸ் மலைகளில் வாழ்ந்த ஹமாங் ஜனங்களை 1961 முதல் சி.ஐ.ஏ. தன் ரகசிய யுத்தத்துக்குக் கூலிப்படையாக்கியது. 1975ல் தோற்றதும் தளபதிகளை விமானத்தில் ஏற்றிப் போனது. மற்றவர்கள் மீகாங் நதியை நீந்தித் தாய்லாந்து முகாம்களில் விழுந்தார்கள். அந்தப் படையில் இருந்தவர்களுக்குக் குடியுரிமைப் பரீட்சையைச் சுலபமாக்கச் சட்டம் வந்ததே 2000ல்தான். 2025ல் அந்தச் சமூகத்தில் சிலரைப் பிடித்து லாவோசுக்கே நாடு கடத்தினார்கள். துப்பாக்கி தூக்கியவனுக்கே ஏகாதிபத்தியம் தரும் மரியாதை இது. கொழுந்து பறித்தவனுக்கு எந்த எஜமான் வரப் போகிறான்?

ஓட்டில்லாதவன், நிலம் வாங்க முடியாதவன், முகாமில் கையெழுத்துக்கு நிற்க வேண்டியவன், கொடுத்த கூலியை வாங்கிக்கொள்வான். காண்ட்ராக்டருக்கு வேண்டியதும் அதுதான்.

நம் ஜில்லாவிலேயே, மரக்காணம் பக்கத்தில், கீழ்ப்புதுப்பட்டு முகாம் இருக்கிறது. அடுத்த முறை கூலி பேசப் போகும்போது அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே கூலி கேளுங்கள். கோரிக்கை மனுவில் அவர்களுடைய பிரஜா உரிமையையும் எழுதுங்கள்.